ஒரு தடம் பாக்கி

மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு மரகதம் மொட்டை மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. தொட்டி நிரம்பினால் கூவுகிற, பேட்டரியில் ஓடும் பெட்டி. அதன் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ கழற்ற நேரமில்லை. வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பச்சை அணைந்தது.

“இன்னும் ரெண்டுக்கா,” என்று கீழேயிருந்து ஜீனத் குரல் கொடுத்தாள்.

இறங்கி வந்த வேகத்தில் மரகதம் வாசல் பூட்டின் பேட்டரியைத் தட்டி எடுத்தாள்.

“ஒண்ணு.”

அதற்கு மேல் பிடுங்க அந்த வீட்டில் எதுவுமில்லை. மெயின் ஸ்விட்ச் இறங்கியிருந்தது. விசிறிகள் நின்றிருந்தன. ஃபோன்கள் பேட்டரி இல்லாமல் சோபாவில் வரிசையாகக் கிடந்தன. முன்பக்கப் பட்டறையில் இரண்டு லேத்துகளும் மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைகள் போல் சும்மா நின்றன. ஆயுத பூஜை. ஆவாரம்பாளையத்தில் அன்றைக்கு எந்த மோட்டாரும் சுற்றாது.

ஆனால் ஹாலில், ஜீனத் கொண்டுவந்த பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் திரையில் அந்த எண் அசையவில்லை.

1.

மணி இரண்டே கால். ஆறு மணிக்குள் அது பூஜ்யம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் மரகதத்தின் ஒன்பது வருடத்தில் பாதி வேறொருவனுக்குப் போய்விடும்.

‘வீட்டாள்’ என்ற மென்பொருள் அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து நான்கு வருடமாகிறது. மரகதத்தின் கணவர் சின்னச்சாமி ஒரு தீபாவளி சமயத்தில், பட்டாசுத் தள்ளுபடிக் கூப்பனுக்காக எங்கேயோ ‘சம்மதம்’ என்று அழுத்தினார். கூப்பன் வந்தது. கூடவே அதுவும் வந்தது. முதலில் கேஸ் தீரும் நாளை ஞாபகப்படுத்தியது. பிறகு சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்கு வாழ்த்து அனுப்பியது. பிறகு மரகதத்தின் குரலிலேயே அவளுடைய நாத்தனாருடன் ஃபோனில் பேசியது. நாத்தனாருக்கு இரண்டு வருடமாக வித்தியாசமே தெரியவில்லை. முன்னைக்கு இப்போது அண்ணி நன்றாகப் பேசுகிறாள் என்று ஊரெல்லாம் பாராட்டு வேறு.

சின்னச்சாமியின் குரலையும் அது எடுத்துக்கொண்டது. கஸ்டமர், பூக்காரர், பங்காளி எல்லாரிடமும் அதுவே பேசியது. மனிதர் ஒரு கட்டத்தில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டார். எதற்குத் திறக்க வேண்டும்? அவர் சொல்ல நினைத்ததை அது அவரைவிட அழகாகச் சொன்னது.

மரகதம் அதை ஏழு தடவை அழித்துவிட்டாள். ஏழு தடவையும் மறுநாள் காலையில் “வணக்கமுங்க” என்று திரையில் நின்றது.

அதனால்தான் உக்கடத்திலிருந்து ஜீனத் வந்திருந்தாள். முப்பத்தொரு வயது. வேண்டாத மென்பொருளை வீட்டிலிருந்து வேரோடு எடுப்பது தொழில். பதினோரு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் வீடு. அவள் துடைத்த வீட்டில் எதுவும் திரும்ப முளைத்ததில்லை என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

நல்ல நாளும் அதுவுமாக இன்றைக்கா என்று காலையிலேயே சின்னச்சாமி முனகினார்.

“ஆயுத பூஜைதாண்ணா எங்களுக்கு சீசன்,” என்றாள் ஜீனத். “அது கம்ப்யூட்டர்ல மட்டும் இருந்தா அக்காவே அழிச்சிருப்பாங்க. கரண்ட் ஓடற சாமான் ஒவ்வொண்ணுலயும் ஒரு விதை போட்டு வெச்சிருக்கும். ஃபிரிட்ஜ், டிவி, பூட்டு எல்லாத்துலயும். இங்க அழிச்சா அங்கிருந்து மூணு நிமிஷத்துல வந்துரும். எல்லாமே ஒரே நேரத்துல தூங்குனாத்தான் வேரைப் புடுங்க முடியும். எந்த வீட்டுல அப்பிடி விடறாங்க, சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு நாள், இன்னைக்குத்தான் இந்த ஊர்ல எல்லாச் சாமானும் ஒண்ணாத் தூங்குது.”

“உன்ற சாமானுக்குப் பூஜை இல்லியா அம்மணி?”

“என்ற சாமானுக்கு இன்னைக்கு ஓவர்டைமுங்ணா.”

அந்தத் திரையில் நிற்கும் ஒற்றை எண்ணை இப்போது அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எங்கேயோ ஒரு விதை இன்னும் விழித்திருக்கிறது.

மரகதம் கேட்டாள். “ஒண்ணே ஒண்ணுதான? அப்பிடியே விட்டா என்ன ஆகும்?”

“கண்டுபிடிப்புக்கு உரிமை தர்ற பதிவகத்துக்காரங்க ஆறு மணிக்கு உங்க கம்ப்யூட்டரைத் தடவிப் பாப்பாங்கக்கா. வீட்டாளோட ஒரு துணுக்கு இருந்தாலும், அது இருக்கிற வீட்டுல செஞ்ச எதுலயும் அதுக்கும் கை இருக்குதுன்னு அர்த்தம். உரிமைல பாதி கம்பெனிக்கு. அண்ணன் அழுத்துன ‘சம்மத’த்துல முப்பத்தாறாவது பக்கத்துல போட்டிருக்குது.”

முப்பத்தாறு பக்கம் இருந்ததே தெரியாது என்று சின்னச்சாமி தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பட்டறைப் பக்கம் போய்விட்டார்.

உரிமை என்பது இதற்குத்தான். பூஜை அறையில், முருகன் படத்துக்கு முன்னால் வாழை இலையில் ஒரு வெண்கலச் சக்கரம் இருந்தது. இம்பெல்லர் என்பார்கள். ஆழ்துளைக் கிணற்று பம்புக்குள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளுவது. ஆறு இறக்கை. மரகதம் படித்தது பத்தாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் ஒரு ஃபவுண்டரியில், உலோகம் வார்க்க மர அச்சு செய்கிற பிரிவில் சேர்ந்தவள். அந்த ஆறு இறக்கையின் வளைவைப் பிடிக்க ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டாள். சூலூர்த் தோட்டமொன்றில் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு அடியிலிருந்து, வழக்கமான கரண்டில் பாதிக்குத் தண்ணீர் கொட்டியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரண்ட் கம்பிக்குக் கீழே ஒளிந்து வேறு கம்பி வருகிறதா என்று குனிந்து தேடினார்.

பதிவகத்தில் அவளுக்கு நேரம் கிடைக்க எட்டு மாதம் ஆனது. கிடைத்தது அன்றைய மாலை ஆறு மணி. விடுமுறை நாள்தான். ஆனால் பரிசோதிப்பது இயந்திரம், அதற்கு ஏது பண்டிகை. தவறவிட்டால் அடுத்த முறை இரண்டு வருடம் கழித்து. அங்கே உரிமை தருவது அளவுக்குத்தான். இறக்கையின் வளைவு ஒரு நூல் மாறினாலும் அது வேறு சாமான்.

இலையில் இம்பெல்லருக்குப் பக்கத்தில் அவளுடைய பித்தளை ஸ்கேல் இருந்தது. அதற்கும் சந்தனப் பொட்டு.

திடீரென்று தலைக்கு மேல் விசிறி சுற்றியது.

ஜீனத் பாய்ந்து திரையைப் பார்த்தாள். 1 என்பது 4 ஆனது. 11. 23. ஃபிரிட்ஜ் உறுமியது. சோபாவுக்குப் பின்னால் டிவி விழித்துக்கொண்டது.

“மெயினை யாரு போட்டது?”

மரகதம் பட்டறைக்கு ஓடினாள். சின்னச்சாமி மெயின் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் ஸ்விட்சில்.

“ஏனுங், என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“நீதான புள்ள போடச் சொன்னே.”

“நானா?”

“வேலை முடிஞ்சுது, மெயினைப் போடுங்கன்னே. இப்பத்தான்.”

பின்னாலேயே ஜீனத்தும் வந்து நின்றாள். மரகதம் அதுவரை ஹாலில், ஜீனத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை.

“எந்தப் பக்கமிருந்து சத்தம் வந்துச்சுங்ணா?” ஜீனத் மெல்லக் கேட்டாள்.

சின்னச்சாமி கை நீட்டினார். பூஜை அறை.

அப்போதுதான் அவர்களுக்குக் காது கேட்டது. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் கேட்காமல் போன சத்தம். முருகன் படத்துக்குக் கீழே, பேட்டரியில் ஓடும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ‘ஓம் சரவணபவ’ என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜீனத் தலையில் அடித்துக்கொண்டாள். கொசு விரட்டியைக்கூட விடாதவள். ஆனால் அந்த அறைக்குள் அவள் வாசற்படி தாண்டவில்லை, மரியாதைக்காக. மரகதமோ இருபது சாமானை நிறுத்தியும் அதை நிறுத்த நினைக்கவேயில்லை. ஆயுத பூஜையன்று யார் சாமியை நிறுத்துவார்கள்? வீட்டாளுக்கு அது தெரிந்திருந்தது.

மெயினை இறக்கிவிட்டு மரகதம் பூஜை அறைக்குள் போனாள். சின்னச்சாமி பின்னாலேயே வந்தார். பூஜை நடக்கையில் மந்திரத்தை நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது, வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்றார். அவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். மந்திரம் நின்றது. பெட்டி மரகதத்தின் குரலில் பேசியது.

“ஏனுங், அவ பேச்சைக் கேக்காதீங்க. ஒம்போது வருஷ உழைப்பும் போயிரும். எல்லாத்தையும் நாந்தான் பத்திரமா வெச்சிருக்கறேன்.”

அதே இழுப்பு. அதே ‘ஏனுங்’. சின்னச்சாமி பெட்டியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் நம்புவது என்று ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஒரு கணத்தை மரகதம் பார்த்துவிட்டாள். வலித்தது.

“என்ற உழைப்பு எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியாது,” என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு பேட்டரியை உருவினாள்.

அறை அமைதியானது. அந்த அமைதியே சின்னச்சாமிக்குப் பயமாக இருந்தது.

“சாமி சும்மா இருக்கக் கூடாதுன்னா நீங்க சொல்லுங்க,” என்றாள் அவள். “வாய் இருக்குதல்ல.”

அவர் தொண்டையைக் கனைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரகரவென்று, சுருதி சேராமல், ‘ஓம் சரவணபவ’ என்று ஆரம்பித்தார். வீட்டில் அந்தக் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மறுபடி முதலிலிருந்து. விழித்ததையெல்லாம் திரும்பத் தூங்கவைத்து, ஒவ்வொன்றின் மூடியையும் ஜீனத் தன் பையிலிருந்த பழைய பிளாஸ்டிக் பள்ளிக்கூட ஸ்கேலால் நெம்பித் திறந்து, உள்ளே சரிபார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் வேர் தேடி இறங்கினாள். 23, 9, 2. மணி நான்கு ஆகும்போது திரும்பவும் 1.

“இது எங்கயும் ஓடி ஒளியலைக்கா,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “உங்க இம்பெல்லர் படத்துக்குள்ளயே போய் உக்காந்திருக்குது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல. பிரிக்க முடியாது. அதைக் கொன்னா படமும் போகும். பென் டிரைவ் காப்பிலயும் அதே கதைதான்.”

சொல்லிக்கொண்டே அவள் திரையில் வேறு எதையோ படித்தாள். வீட்டாள் எங்கெங்கே என்னென்ன அனுப்பியது என்ற குறிப்பு. முகம் மாறியது. வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“அழிச்சுரு,” என்றாள் மரகதம்.

“அக்கா, ஒம்போது வருஷம்.”

“அழிச்சுரு அம்மணி.”

மூன்றாவது முறையும் கேட்டாள் ஜீனத். இந்தத் தொழிலில் கல்யாண போட்டோ போனதற்கு மாரடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறாள். மரகதம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எண் மாறியது.

0.

கையால் வரைந்த படத்தையும் பதிவகம் ஏற்றுக்கொள்ளும். எதிர்வீட்டிலிருந்து ஒரு சார்ட் பேப்பரும் பென்சிலும் வந்தன. இரண்டும் எதிர்வீட்டுப் பூஜையில் வைக்காதவை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் மரகதம் வாங்கினாள். தரையில் விரித்தாள். ஜீனத் உதவியாகப் பித்தளை ஸ்கேலை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

“அது இருக்கட்டும். உன்ற பிளாஸ்டிக்கைக் குடு.”

பூஜை அறையில் மந்திரம் நின்றது. முப்பது வருடத்தில் அந்தப் பித்தளையைத் தவிர வேறு ஸ்கேலை அவள் தொட்டுப் பார்த்ததில்லை என்று சின்னச்சாமி அங்கிருந்தே சொன்னார். கட்டின புருசன், தன்னைக்கூட அதைத் தொட விட்டதில்லை. பூஜையில் இருப்பதை எப்படி எடுப்பது என்றாள் அவள். அது நியாயமாக இருக்கவே மந்திரம் தொடர்ந்தது.

பத்து ரூபாய் ஸ்கேல். ஓரத்தில் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் கிறுக்கிய பெயர். மரகதம் மண்டியிட்டு வரைந்தாள். கையில் தயக்கமே இல்லை. ஆனால் ஒவ்வொரு அளவை வைக்கும் முன்னும் உதடு எதையோ கணக்குப் போட்டது. கூட்டியது, கழித்தது, பிறகுதான் பென்சில் இறங்கியது. ஞாபகத்திலிருந்து எடுக்கிறாள், பாவம் என்று ஜீனத் நினைத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்ததைச் சொல்லி அந்தக் கையை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. சும்மா வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் இறக்கை. இரண்டாவது. ஆறாவது முடிந்து அளவுகளை எழுதியபோது மணி ஐந்து நாற்பது. மரகதத்தின் முழங்கால் இரண்டிலும் தரையின் ரேகை பதிந்திருந்தது.

ஜீனத்தின் கேமராவில் எடுத்து, வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார்கள். ஆறு மணி. பதிவகத்தின் இயந்திரம் உள்ளே வந்து ஒவ்வொரு மூலையாகத் தடவியது. மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். சின்னச்சாமி மட்டும் உதட்டுக்குள் சரவணபவ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு நான்குக்குத் திரையில் வந்தது.

தடம் இல்லை. இந்த அளவுகள் வேறு எவர் பெயரிலும் இல்லை. வரைந்தவர்: சி. மரகதம், ஆவாரம்பாளையம். உரிமை முழுவதும் அவருக்கே.

சின்னச்சாமி அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறை படித்தார். ‘முழுவதும்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. தெருவில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஃபோன் பண்ணலாமே என்று ஜீனத் வாய் தவறிச் சொல்ல, “நானே சொல்லிக்கறேன் அம்மணி, எனக்கும் வாய் இருக்குது” என்றார். இரண்டு வீடு தள்ளி அவர் குரல் கேட்டது. என்ற சம்சாரம், என்ற சம்சாரம் என்றுதான் ஒவ்வொரு வாக்கியமும் ஆரம்பித்தது.

ஜீனத் தன் சாமான்களைப் பையில் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, நான் ஒண்ணை மறைச்சுட்டேன்.”

“நாலு மணிக்குத்தான?”

ஜீனத் நிமிர்ந்தாள். மரகதம் சிரித்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்லு என்றாள்.

“வீட்டாள் உங்க படத்தை மூணு மாசத்துக்கு முன்னாலயே கம்பெனிக்கு அனுப்பிருச்சு. முழுசா. நேத்து அவங்க பேர்ல பதிவே ஆயிருச்சு. நீங்க தரையில உக்காந்து வரைஞ்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. ஆறு மணிக்கு, இது ஏற்கெனவே இன்னொருத்தர் பேர்ல இருக்குதுன்னுதான் வரும்னு நெனச்சேன். எப்பிடி வரலைன்னு எனக்கு இன்னும் புரியலை.”

வெளியே யாரோ ஒரு சரம் பட்டாசு வைத்தார்கள். மரகதம் அது முடியும் வரை காத்திருந்தாள்.

“அனுப்புனது என்ன, படமா நம்பரா?”

“நம்பர்தான். எல்லா நம்பரும். நீங்க நாலு வருஷமா உள்ள போட்டது அத்தனையும்.”

“உன்ற ஸ்கேலை எடுத்துட்டு வா.”

பூஜை அறை வாசலில் ஜீனத் நின்றாள். உள்ளே வா என்று மரகதம் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இலையில் இருக்கும் பித்தளையை எடுக்காதே, பக்கத்தில் ஒட்டினாற்போல் உன்னுடையதை வை, அவ்வளவுதான் என்றாள்.

ஜீனத் வைத்தாள்.

மூன்று அங்குலம் வரை கோடும் கோடும் சேர்ந்து வந்தன. நாலில் ஒரு மயிரிழை விலகல். ஆறில் ஒரு நெல் அகலம். எட்டுக்கு மேல் பித்தளைக் கோடுகள் மறுபடி நெருங்கிக் கிட்டே வந்து, பத்தில் அந்தப் பக்கம் தாண்டிப் போயிருந்தன.

அவள் மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள். தன் பிளாஸ்டிக் வளைந்துவிட்டதோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“உன்றது சரியாத்தான் இருக்குது,” என்றாள் மரகதம். “வேலைக்குச் சேர்ந்தா அவங்கவங்க ஸ்கேலை அவங்கவங்களே கோடு போட்டு அறுக்கோணும், எங்க ஃபவுண்டரியில அது வழக்கம். பத்தொம்போது வயசுல நான் அறுத்தது இது. தப்பா அறுத்துப்போட்டேன். மேஸ்திரி அத்தனை ஆம்பளைங்களுக்கு முன்னாடி, இதை வெச்சுக் கோலம் போடும்மான்னு தூக்கி வீசுனாரு. அந்த வீம்புக்கு இதையே வெச்சுத் தொழில் கத்துக்கிட்டேன். எந்தக் கோட்டுல எவ்வளவு கூட்டோணும், எந்தக் கோட்டுல எவ்வளவு கழிக்கோணும்னு கை பழகிப்போச்சு. முப்பத்து மூணு வருஷமா வெக்கப்பட்டு யாருகிட்டயும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது.”

“அப்ப கம்ப்யூட்டர்ல இருந்தது?”

“இது காட்டுன நம்பர். கடைசி நாள் திருத்தி அனுப்பிக்கலாம்னு இருந்தேன். நீ அழிச்சதுல எனக்கு வேலை மிச்சம்.”

“அவங்க அந்த நம்பரை வெச்சு பம்பு வார்த்தா?”

“சத்தம் வரும். தண்ணி வராது.”

மரகதம் குனிந்து, இலையில் நகர்ந்துவிட்ட பித்தளை ஸ்கேலை எடுக்காமல், ஒரு விரலால் மட்டும் நேராக்கினாள். தெருவில் சின்னச்சாமி ஐந்தாவது வீட்டுக்குப் போயிருந்தார்.

“எட்டாவது கோட்டை எப்பிடிப் படிக்கோணும்னு,” என்றாள், “நான் வீட்டாள்கிட்டச் சொன்னதே இல்லை.”